நிலக்கரியிலிருந்து வைரசு வரை: ரொசலின்ட் பிராங்கிளினின் ஆய்வு வாழ்க்கை

உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் ரொசலின்ட் பிராங்கிளின் என்ற பெயர் புதிதல்ல. டீ.என்.ஏ. மூலக்கூறின் எக்ஸ்-கதிர்ப் படம், கிடைக்காமற்போன நோபல் பரிசு, இளவயது மரணம் என்று இரண்டு மூன்று வரிகளில் அவருடைய கதையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் டீ.என்.ஏ. ஆய்வில் அவர் இருந்தது இரண்டே கால் வருடம் மட்டுமே. அதற்கு முன் பத்து வருடமும் பின் ஐந்து வருடமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது மூலக்கூற்று நுண்ணுயிரியலில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைச் செய்துகொண்டிருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. இன்னும் எத்தனை வருடம் படிப்பது? முடித்தால் என்ன தொழில்? கண்ணுக்குத் தெரியாத கிருமியில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? இந்த மூன்றுக்கும் நான் சொல்லக்கூடியதைவிட நல்ல பதில்கள் ரொசலின்டின் வாழ்க்கையில் இருக்கின்றன.

அவர் 1920 ஜூலை 25 ஆம் திகதி லண்டனில், வசதியான யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை எலிஸ் பிராங்கிளின் வங்கித் துறையைச் சேர்ந்தவர். தொழிலாளருக்கான கல்லூரியொன்றில் மாலை வேளைகளில் கற்பித்தும் வந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் ஒழுங்காகக் கற்பித்த பாடசாலைகள் அன்றைய லண்டனிலேயே மிகச் சில. அவற்றுள் ஒன்றான புனித பவுல் பெண்கள் பாடசாலையில் ரொசலின்ட் படித்தார். 1938 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூனம் கல்லூரிக்குத் தெரிவானபோது, வருடத்துக்கு 30 பவுண் புலமைப்பரிசிலும் கிடைத்தது. ஜேர்மனியில் நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பிவந்த அகதி மாணவர் ஒருவருக்கு அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கும்படி தந்தை சொன்னார், மகளும் விட்டுக்கொடுத்தார்.

மகள் விஞ்ஞானம் படிப்பதைத் தந்தை தடுத்தார், படிப்புச் செலவைக் கொடுக்க மறுத்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ரொசலின்டின் தங்கை ஜெனிபர் அதை மறுத்திருக்கிறார். தந்தைக்கும் மகளுக்கும் இடையே வாதங்கள் நிறைய நடந்தது உண்மைதான். 1940 இல் ரொசலின்ட் தந்தைக்கு நீண்ட கடிதமொன்று எழுதினார். விஞ்ஞானத்தை வாழ்க்கையிலிருந்து பிரித்து வைக்க முடியாது, அதைத் தொழிலாக மட்டும் பார்ப்பது சரியல்ல என்று அதில் அவர் வாதிட்டார். இருபது வயது மகளோடு தபாலில் உட்கார்ந்து விவாதிக்கும் ஒரு தந்தையைப் படிப்பைத் தடுத்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1941 இல் அவர் இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்தார். முதல் வகுப்புக் கிடைக்காதவர்கள் இதைக் கவனிக்கலாம். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கவில்லை. பெயரளவிலான பட்டமே கிடைத்தது. ஆண்களுக்குச் சமமான பட்டம் அங்கே பெண்களுக்குக் கிடைத்தது 1948 இலிருந்துதான்.

அடுத்த வருடம்தான் அவருடைய வாழ்வில் மிக மோசமான படிப்பு வருடம் என்பேன். ஆராய்ச்சிக்கான உதவிப்பணத்தோடு பேராசிரியர் ரொனால்ட் நொரிஷிடம் சேர்ந்தார். நொரிஷ் சாதாரணமானவர் அல்ல. பின்னாளில், 1967 இல், நோபல் பரிசு பெற்றவர். ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. கொடுக்கப்பட்ட ஆய்வு வேலையிலும் ரொசலின்டுக்கு மனம் பதியவில்லை. ஒரு வருடத்தோடு அவர் வெளியேறினார்.

கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பது என்றால் என்னவென்று இங்கே பெற்றோருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். முதற்பட்டம் வரை விடை தெரிந்த கேள்விகளையே எமக்குத் தருகிறார்கள். கலாநிதிப் பட்டத்தில் எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று, நான்கு, சில வேளை ஐந்து வருடங்கள் அதனோடு இருக்க வேண்டும. பரீட்சைத் திகதி கிடையாது. வகுப்புத் தோழிகளும் அவ்வளவாக இல்லை. வழிகாட்ட ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவரோடுள்ள உறவு நன்றாக அமைந்தால் பாதி வழி கடந்த மாதிரி. அது கெட்டால் எவ்வளவு திறமையுள்ள பிள்ளையும் ஒடுங்கிப்போவாள். எனக்கு நல்ல மேற்பார்வையாளர் வாய்த்திருக்கிறார். ஆனாலும் இரவில் பரிசோதனை பிழைத்துப்போய்த் தனியே திரும்பும்போது இந்தப் படிப்பு எதற்கென்று நினைத்த நாட்கள் உண்டு. வீட்டில் உம்மா சோறு போட்டு வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருப்பது அந்த நாட்களில் பெரிய உதவி.

ரொசலின்ட் வெளியேறிய 1942 ஆம் ஆண்டு உலகப்போர்க் காலம். லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில் இருந்த நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இரவில் வான்தாக்குதல் எச்சரிக்கைத் தொண்டராகவும் கடமை செய்தார். பகலில் நிலக்கரி. பார்ப்பதற்குக் கறுப்புக் கல்லாகத் தெரியும் நிலக்கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அந்தத் துளைகள் எவ்வளவு பெரியவை, அவற்றுக்குள் எது நுழையும், எது நுழையாது என்பதுதான் கேள்வி. மிகச் சிறிய அணுவுள்ள ஈலியம் வாயுவைக் கொண்டும், அதைவிடப் பெரிய மூலக்கூறுகளையுடைய திரவங்களைக் கொண்டும் ஒரே நிலக்கரியின் அடர்த்தியை அவர் அளந்தார். சிறியது நுழைந்த இடத்தில் பெரியது நுழையாவிட்டால் இரண்டு அளவீடுகளும் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து துளைகளின் வாசல் எவ்வளவு ஒடுக்கம் என்று கணிக்கலாம். மூலக்கூறுகளை அவற்றின் பருமனுக்கேற்ப வடித்தெடுக்கும் அரிதட்டைப் போல நிலக்கரி நடந்துகொள்கிறது என்று அவர் காட்டினார். இந்த வேலையையே ஆய்வேடாக எழுதி 1945 இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது வயது 25.

அவருடைய கலாநிதிப் பட்டம் நிலக்கரிக்குக் கிடைத்தது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயர்தரத்தில் ஒரு பிரிவைத் தெரிவுசெய்தவுடன் தலையெழுத்து முடிந்துவிட்டதாக எங்கள் வீடுகளில் நினைக்கிறார்கள். ரொசலின்ட் நிலக்கரியிலிருந்து கற்றுக்கொண்டது நிலக்கரியை மட்டும் அல்ல. நேரே பார்க்க முடியாத ஒன்றின் உள்ளமைப்பை, இரண்டு அளவீடுகளுக்கிடையிலான வித்தியாசத்தைக் கொண்டு கண்டறிவது எப்படி என்பதை அவர் அங்கேதான் கற்றார். பதினொரு வருடங்களுக்குப் பிறகு ஒரு வைரசுக்குள்ளே அவர் செய்ததும் ஏறக்குறைய இதையேதான்.

கேம்பிரிட்ஜில் அவருக்கு அட்ரியன் வெய்ல் என்ற பிரெஞ்சுப் பெண் விஞ்ஞானி அறிமுகமாகியிருந்தார். மேரி கியூரியின் ஆய்வுகூடத்தில் பயின்றவர். போரினால் மகளோடு இங்கிலாந்துக்கு வந்து தங்கியிருந்தவர். அவருடைய உதவியால் 1947 இல் பாரிஸ் நகரில் ஷாக் மெரிங் என்பவரின் ஆய்வுகூடத்தில் ரொசலின்டுக்கு இடம் கிடைத்தது. எக்ஸ்-கதிர்களைக் கொண்டு பொருட்களின் அமைப்பை ஆராயும் கலையை அவர் படித்தது அங்கேதான். எந்தக் கரியைச் சூடாக்கினால் பென்சில் கரியான காரீயமாக மாறும், எது எவ்வளவு சூடாக்கினாலும் மாறாது என்று அவர் பிரித்துக் காட்டியது இன்றும் அத்துறையில் மதிக்கப்படுகிறது. பாரிஸில் கழிந்த நான்கு வருடங்கள் அவருக்கு மிக மகிழ்ச்சியானவை.

1951 ஜனவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். இந்தப் பகுதியைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சுருக்கமாகவே கடந்து செல்கிறேன். பிரிவின் தலைவர் ஜோன் ரண்டல், டீ.என்.ஏ. மீதான எக்ஸ்-கதிர் வேலையை ரொசலின்டும் ரேமண்ட் கொஸ்லிங் என்ற ஆய்வு மாணவரும் மட்டுமே செய்வார்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதே வேலையை முன்பே தொடங்கியிருந்த மொறிஸ் வில்கின்ஸுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. வில்கின்ஸ் விடுமுறை முடிந்து வந்தபோது ரொசலின்டைத் தமக்கு உதவிக்கு வந்தவர் என்று எண்ணினார். ரொசலின்டோ அது தமக்குரிய வேலை என்று எண்ணினார். இருவரும் நல்லவர்கள்தான். ஒரு கடிதத்தின் பிரதி உரியவருக்குப் போகாததால் விளைந்த கசப்பு இரண்டு வருடம் நீடித்தது. மூத்த ஆசிரியர்களின் உணவறை ஆண்களுக்கு மட்டும் என்ற ஏற்பாடும் அக்கல்லூரியில் இருந்தது. எனினும் ரண்டலின் பிரிவில் வேறு பெண் விஞ்ஞானிகளும் வேலை செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீ.என்.ஏ. இழை உலர்ந்திருக்கும்போது ஓர் அமைப்பிலும், ஈரப்பதன் கூடும்போது வேறோர் அமைப்பிலும் இருக்கிறது என்பதை ரொசலின்டும் கொஸ்லிங்கும் தெளிவாகப் பிரித்தறிந்தனர். அதற்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் மங்கலாக இருந்ததற்கு இரண்டும் கலந்திருந்ததே காரணம். 1952 மே மாதத்தில் ஈர அமைப்பின் மிகத் தெளிவான படம் கிடைத்தது. அதுவே 51 ஆம் இலக்கப் படம். படத்தை எடுத்த கைகள் ஆய்வு மாணவர் கொஸ்லிங்கினுடையவை. 1953 ஜனவரியில் ரொசலின்டுக்குத் தெரியாமல் வில்கின்ஸ் அதை ஜேம்ஸ் வாட்சனுக்குக் காட்டினார். ரொசலின்டின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையொன்றும் வாட்சன், கிறிக் ஆகியோரின் கைக்குச் சென்றது. 1953 ஏப்ரல் 25 ஆம் திகதி நேச்சர் சஞ்சிகையில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது ரொசலின்டும் கொஸ்லிங்கும் எழுதியது. நோபல் பரிசு 1962 இல் வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவருக்கும் கிடைத்தது. ரொசலின்ட் இறந்து அப்போது நான்கு வருடம்.

அநியாயம் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அநியாயத்தை மட்டுமே சொல்லிச் சொல்லி, அவரை எப்போதும் அழுதுகொண்டிருக்கும் ஒருவராக மாற்றிவிட்டோமோ என்று தோன்றுகிறது. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. 1953 மார்ச்சிலேயே கிங்ஸ் கல்லூரியை விட்டு பேர்க்பெக் கல்லூரிக்குப் போய்விட்டார். போகும்போது, இனி டீ.என்.ஏ. பற்றிச் சிந்திக்கவே வேண்டாம், கொஸ்லிங்குக்கு வழிகாட்டவும் வேண்டாம் என்று ரண்டல் அறிவுறுத்தினார். சிந்திக்காமல் இருக்க எவரால் முடியும்? கொஸ்லிங்கின் ஆய்வேடு முடியும்வரை ரொசலின்ட் அவருக்கு உதவினார். அந்த மாணவர் 1954 இல் கலாநிதியானார். நொரிஷிடம் தமக்குக் கிடைக்காத ஒன்றை ரொசலின்ட் தம்முடைய மாணவருக்குக் கொடுத்தார் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

பேர்க்பெக்கில் அவருடைய ஆய்வுகூடம் ஒரு பழைய வீடு. எக்ஸ்-கதிர்க் கருவிகள் நிலவறையில். அவருடைய அறை மேல்மாடியில். தலைவர் ஜே. டி. பேர்னால் அவரை மதித்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது புகையிலையின் தேமல் நோய் வைரசு. புகையிலையிலும் தக்காளியிலும் மிளகாயிலும் இலையைப் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக்கும் நோய் அது. உலகில் முதன்முதலாக அறியப்பட்ட வைரசும் அதுவே: 1890களில் இவனோவ்ஸ்கியும் பெயரிங்கும் அதைப் பற்றி எழுதினார்கள், 1935 இல் வெண்டல் ஸ்ரான்லி அதைப் பளிங்காக்கினார்.

நுண்ணுயிரியல் என்றால் கிருமியை வளர்த்து, அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. மூலக்கூற்று நுண்ணுயிரியல் என்றால் அந்தக் கிருமியைக் கழற்றி, எந்த மூலக்கூறு எங்கே இருக்கிறது, அது அங்கே இருப்பதால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. கிருமியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த வைரசே நல்ல விடை. அது ஒரு மெல்லிய கோல். நீளம் 300 நனோமீற்றர், விட்டம் 18 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் இப்படியான மூவாயிரத்துக்கு மேற்பட்ட கோல்களை நீளவாக்கில் வரிசையாக வைக்கலாம். கோல்கள் எல்லாம் ஒரே நீளம் என்று 1955 இல் ரொசலின்ட் எழுதியபோது, அத்துறையின் மூத்த அறிஞரான நோர்மன் பிரீ கடுமையாக ஆட்சேபித்தார். ரொசலின்ட் பின்வாங்கவில்லை. அவர் சொன்னதே சரியென்று நிலைத்தது.

சோளப்பொத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மணிகளுக்குப் பதிலாக ஒரேவிதமான புரதத் துண்டுகள் கோலைச் சுற்றிச் சுருளாக ஏறுகின்றன; மூன்று சுற்றுக்கு 49 துண்டுகள். பொத்தியின் நடுத்தண்டு இருக்கும் இடத்தில் வைரசில் வெறும் துவாரம். நோயை உண்டாக்கும் கட்டளைகளைத் தாங்கிய ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது? நடுத்துவாரத்தில் இருக்கும் என்று எண்ணுவதுதான் இயல்பு. ரொசலின்ட் முழு வைரசையும், ஆர்.என்.ஏ. இல்லாமல் புரதத்தை மட்டும் சேர்த்து அமைத்த கோலையும் எக்ஸ்-கதிரில் அளந்து ஒப்பிட்டார். முழுதிலிருந்து வெறும் புரதத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஆர்.என்.ஏ.யின் இடம். நிலக்கரியில் செய்த அதே கழித்தல்தான்! ஆர்.என்.ஏ. நடுவில் இல்லை, மையத்திலிருந்து 4 நனோமீற்றர் தள்ளி, புரதத் துண்டுகளுக்கு இடையே புதைந்து சுருளாகச் செல்கிறது. 1956 இல் இது வெளியானது. அமெரிக்காவின் டொனால்ட் காஸ்பர் நடுத்துவாரத்தைப் பற்றிய தம்முடைய கட்டுரையை அதனோடு சேர்த்து வெளியிட்டார். போட்டி இல்லாமல் இருவர் பங்கிட்டுக்கொண்ட வேலை அது.

இந்தக் காலத்தில் ரொசலின்டைச் சுற்றி ஒரு குழு உருவாகியிருந்தது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த ஆரோன் குளுக் சக ஆய்வாளர். கென்னத் ஹோம்ஸ், ஜோன் பிஞ்ச் இருவரும் கலாநிதிப் பட்ட மாணவர்கள். நிதிதான் ஓயாத தலைவலி. முடித்தால் என்ன தொழில் என்று கேட்பவர்களுக்கு நான் எதையும் மறைக்க விரும்பவில்லை. இவ்வளவு சாதித்த ரொசலின்ட் நன்கொடைகளையும் உதவிப்பணங்களையும் நம்பியே தம் ஆய்வைக் கொண்டுசென்றார். தமக்காக மட்டுமல்ல, குளுக்கினதும் மாணவர்களினதும் சம்பளத்துக்காகவும் விண்ணப்பம் எழுதினார். 1957 இல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறையிடமிருந்து மூன்று வருடத்துக்கு 10,000 பவுண் கிடைத்தது. அக்கல்லூரி அதுவரை பெற்ற ஆய்வு நிதிகளில் அதுவே மிகப் பெரியது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இதைச் சொன்னதும் சில தாய்மார் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். அதனால் இன்னொரு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். டொரதி ஹொட்ஜ்கின் இதே எக்ஸ்-கதிர்த் துறையில், இதே பேர்னாலிடம் பயின்று கலாநிதியானவர். மூன்று பிள்ளைகளின் தாய். 1964 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆகவே படிப்பு ஒருவருடைய இல்லறத்தைத் தீர்மானிப்பதாக நான் நினைக்கவில்லை.

1956 கோடையில் அமெரிக்காவில் இருந்தபோது ரொசலின்டுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. லண்டன் திரும்பியதும் சத்திரசிகிச்சை நடந்தது: சூலகப் புற்றுநோய். அதற்குப் பிறகு இருந்தது ஒன்றரை வருடம். வைத்தியசாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே அந்தக் காலம் கழிந்தது. 1956 இல் ஏழு ஆய்வுக் கட்டுரைகள், 1957 இல் ஆறு. நோயோடேயே புதிய வேலையொன்றையும் தொடங்கினார்: பிள்ளைகளின் கைகால்களை முடக்கிய இளம்பிள்ளைவாதத்தின் போலியோ வைரசு. உயிருள்ள போலியோ வைரசைக் கட்டடத்துக்குள் கொண்டுவருவதற்கு அங்கிருந்தவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. கடைசியில் பளிங்குகளை வேறொரு நிறுவனத்தில் பாதுகாப்பாக வைக்க ஏற்பாடாயிற்று.

1958 ஏப்ரல் 16 ஆம் திகதி ரொசலின்ட் லண்டனில் காலமானார். வயது 37. கல்லறைக் கல்லில் அவர் விஞ்ஞானி என்றும், வைரசுகள் பற்றிய அவருடைய ஆய்வுகள் மனிதகுலத்துக்கு நிலையான பயன் தருபவை என்றும் பொறித்திருக்கிறார்கள். டீ.என்.ஏ. பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த நாள் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி தொடங்கியது. அதற்காக அவர் தயாரித்த புகையிலை வைரசின் மாதிரியுரு அங்கே வைக்கப்பட்டது. ஐந்தடி உயரம், மேசைப்பந்துகளையும் சைக்கிள் கைபிடி உறைகளையும் கொண்டு செய்தது. ஹோம்ஸும் பிஞ்சும் குளுக்கின் வழிகாட்டலில் ஆய்வேடுகளை முடித்துக் கலாநிதிகளானார்கள். 1959 இல் பிஞ்சும் குளுக்கும் போலியோ வைரசின் அமைப்பைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டு, அதை ரொசலின்டின் நினைவுக்குச் சமர்ப்பித்தனர். குளுக் 1982 இல் நோபல் பரிசு பெற்றபோது, கடினமான பெரிய கேள்விகளை எடுத்துக்கொள்ளும் துணிவை யாரிடம் கற்றார் என்பதைத் தம் உரையில் சொன்னார். அது ரொசலின்டின் பெயர்.